இருபத்தேழு சென்டிமீட்டர்

புருஷன் தொக்குஜியின் பையில் குதிகால் உயர்ந்த பொம்பளை ஷூ இருந்தது. அளவு இருபத்தேழு சென்டிமீட்டர். ஷிகேனோவின் கால் இருபத்துமூன்றுதான்.

"யாரோடது இது?"

தொக்குஜி மிசோ சூப்பிலிருந்து தலை தூக்கவில்லை. "ஆபீஸ்ல ஒருத்தங்களோடது. குதிகால் ஒட்டக் குடுத்தாங்க."

"இவ்வளவு பெரிய காலா? நல்லாத்தான் தேடிப் பிடிச்சிருக்கீங்க."

அவள் தொழிற்சாலைக்கு மாலை ஷிஃப்ட் போகிற நாட்களில் அவரும் வீடு தங்குவதில்லை என்று பக்கத்து வீட்டில் விசாரித்து வைத்திருந்தாள். தான் ஆடும் டிவி நடனப் போட்டி முடியட்டும், அப்புறம் இருக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

இறுதிச் சுற்று வந்தது. போட்டியில் தனக்கு ஜோடியாக ஆடும் நடனக்காரர் நாகுமோவின் கையைப் பிடித்தபடி மேடையோரம் நின்றாள். ஆடுவதற்கு முன், வழக்கம்போல் போட்டியாளரின் குடும்பத்தைப் பற்றிய படம் திரையில் ஓடியது.

அதே ஷூ. அதற்குள் தொக்குஜியின் கால். நாகுமோவின் அணைப்பில் அவர் வால்ட்ஸ் சுற்றிக்கொண்டிருந்தார்.

"நீங்க ஷிஃப்ட்டுக்குப் போயிட்டா நான் யாரோட ஆடிப் பாக்குறது? அதான் உங்க இடத்துல அவரே வந்து நின்னாரு" என்றார் நாகுமோ. "மூணு மாசத்துல அவரு ஒரு தடவைகூட என் காலை மிதிச்சதில்ல."

அதுவரை இருந்தது சந்தேகம். ஷிகேனோவுக்கு இப்போதுதான் பொறாமை வந்தது.