நாக்குக்கு அடியில்

லாரி கிளம்பத் தயாராக உறுமியது. தூக்குவாளியுடன் வாசலில் நின்ற அமலிக்கு நம்பவே முடியவில்லை.

போதை ஊசியை விட்டதிலிருந்து அவள் கணவன் ரோச் தினமும் காலையில் ஒரு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக் கரைப்பான். ஊசி நினைப்பே வராமல் அது பார்த்துக்கொண்டது. ஆனால் மூளையைக் கொஞ்சம் மந்தமாக்கியது. லாரியோ, டிரைவர் தெளிவாக இருக்கிறானா என்று தினமும் சோதிக்கும்; முன்கண்ணாடியில் மின்னும் புள்ளிகளை அவன் சட்டென்று தொட்டால்தான் ஸ்டார்ட் ஆகும். ரோச்சின் விரல் எப்போதும் இமைப்பொழுது பிந்திவிடும். மாதக்கணக்கில் வீட்டோடு கிடந்தான்.

இன்று ஒரு புள்ளிகூடத் தப்பவில்லை.

"பாத்தியா அமலி! எல்லாம் பச்சை!" என்று மேலேயிருந்து கத்தினான்.

அந்தக் குரலைக் கேட்டதும்தான் அவளுக்கு உறைத்தது. மாத்திரை கரைகிறவரை அவன் வாயே திறக்க மாட்டான், எதுவானாலும் கை ஜாடைதான். இன்றோ மாத்திரையை வாயில் போட்ட கையோடு, "காப்பிக்கு இன்னும் கொஞ்சம் சீனி போடு" என்றான். நேற்றும் பேசினான்.

"ஏங்க, மாத்திரையத் துப்பிட்டீங்களா?"

"மெதுவா பேசு, லாரிக்குக் கேட்டுரும். வேலைக்குப் போக வேண்டாமா? ஊசியெல்லாம் இனி தொடவே மாட்டேன்."

வெயில் சுள்ளென்று அடித்தது. ஆனால் ஜன்னலில் ஊன்றியிருந்த அவன் கையில் மயிர் குத்திட்டு நின்றது. வாளியை வாங்கக் குனிந்தவன் நீளமாக ஒரு கொட்டாவி விட்டான். கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிந்தது.

அந்தக் கொட்டாவி அவளுக்குத் தெரியும். முன்பெல்லாம் அதற்குப் பிறகுதான் ஊசி தேடிப் போவான்.

லாரி நகர்ந்தது. அவன் பிடித்து இழுத்த வாளியை அமலி விடவில்லை.