பச்சை விளக்கு வீடு

யாருக்காவது கோபம் தலைக்கேறினால், எல்லோரும் கட்டாயம் மாட்டியிருக்க வேண்டிய நெற்றிப்பட்டைக் கருவி அவர் மூளை அலையைப் படித்து வாசல் விளக்கைச் சிவப்பாக்கும், போலீஸ் வந்துவிடும். தனபாலன் வீட்டில் என்றைக்கும் பச்சைதான். தெருவுக்கே கொஞ்சம் பொறாமை. மனுஷன் பெண்டாட்டியை பெல்ட்டால் விளாசும்போதுகூட காய் நறுக்குகிற நிதானம்.

“என்னங்க, குமுதா அலர்ற மாதிரி இருக்கு,” என்றாள் எதிர்வீட்டு ரமாமணி.

“பச்சைதானேடி எரியுது. சீரியலா இருக்கும்,” என்றார் அவள் வீட்டுக்காரர்.

உள்ளே குமுதாவுக்கு அதுவும் கேட்டது. தனபாலன் அவள் மணிக்கட்டைக் கதவிடுக்கில் வைத்து நிதானமாகச் சாத்தினான். எலும்பு முறிந்தது. தரையில் கிடந்தவள் அவனைத் தொடக்கூட இல்லை. கொன்றுவிட வேண்டும் என்று மனதார நினைத்தாள், அவ்வளவுதான். விளக்கு சிவந்தது. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

போலீஸ்காரர்கள் அவளைத்தான் வண்டியில் ஏற்றினார்கள்.

“பார்த்துக் கூட்டிட்டுப் போங்க சார்,” என்றான் தனபாலன். “கை உடைஞ்சிருக்கு.”