இருபத்திரண்டு வயதில் ஆட்டம்

"இருபத்திரெண்டு வயசுல ஆட ஆரம்பிச்ச குதிரையப் பாத்திருக்கீங்களா டாக்டரம்மா?" என்று கேட்டார் சின்னக்கண்ணு.

கால்நடை மருத்துவர் சௌந்தர்யா குதிரையின் முன்னங்கால் குளம்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கெழட்டுக் குதிரைன்னு கல்யாணத்துக்கு ஒருத்தரும் கூப்பிடல. சித்திரையில வேற குதிரை கிடைக்காம கூட்டிட்டுப் போனாங்க, நாகல் நகர் மண்டபத்து வாசல்ல நிக்குது, மேளம் அடிக்கிறாங்க, திடீர்னு காலை மாத்தி மாத்தித் தூக்கி ஆடுது. இப்ப சாணார்பட்டி வரைக்கும் நம்ம ராணியத்தான் கேக்குறாங்க. தண்ணி மட்டும் ஏன் இம்புட்டுக் குடிக்குதுன்னுதான் உங்களக் கூப்பிட்டேன்."

"தீனி என்ன குடுக்குறீங்க?"

"புல்லு, தவிடு, சின்ன வயசுலேருந்தே தினம் ஒரு அச்சு வெல்லம். இப்ப ஆடி முடிச்சா இன்னும் ரெண்டு. அதுக்குத்தானே ஆடுது."

சௌந்தர்யா எழுந்தார். "வயசான குதிரைக்கு இனிப்பு ஒத்துக்காதுண்ணே. சின்ன வயசுல செரிச்ச மாதிரி இப்ப உடம்பு ஏத்துக்காது, அதான் இவ்வளவு தண்ணி கேக்குது. எல்லாம் குளம்புலதான் போய் நிக்கும். தொட்டுப் பாருங்க, கொதிக்குது."

"அப்ப அந்த ஆட்டம்?"

"தார் ரோட்டுல ஊனி நிக்க முடியல. வலியில தூக்குது."

சின்னக்கண்ணு குனிந்து குளம்பைத் தொட்டார். "குணமாயிருமா?"

"சித்திரையிலயே கூப்பிட்டிருந்தா பாத்திருக்கலாம். இப்ப குளம்புக்குள்ள எலும்பே கீழ எறங்கிருச்சுண்ணே."

மேளமில்லாத கொட்டகையில் ராணி காலை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டிருந்தது. பிறகு வெல்லத்துக்காகச் சின்னக்கண்ணுவின் சட்டைப் பையை முகர்ந்தது.