வெட்டி ஒட்டிய பாடம்

"முடியாதும்மா! ஒரு வரிகூட பதிவு பண்ணித் தரமாட்டேன்." ஹபீப் முகம்மது மைக்கை அணைத்துவிட்டு எழுந்தார்.

"சார், ரெண்டு மணி நேரம் பேசுனா எந்தப் பிள்ளை கேக்கும்? சின்னச் சின்னதா வெட்டி, நடுநடுவுல கேள்வி வெச்சிக்கலாம்லா" என்றாள் பிரமிளா. விரிவுரையாளர்களின் பாடங்களை இணைய வகுப்பாக வடிவமைத்துத் தருவதுதான் ஜார்ஜ்டவுனின் அந்தக் கல்லூரியில் அவள் வேலை.

"எனக்குத் தெரியாதா? என்னை அப்படியே டாப்பாவ் சாப்பாடு மாதிரி பொட்டலம் கட்டி கம்ப்யூட்டருக்குள்ள வெச்சிட்டு, 'டாக்டர், நீங்க போய்ட்டு வாங்க'ம்பாங்க. இந்த வருஷத்தோட என் கான்ட்ராக்ட் முடியுது, தெரியும்ல?"

"எனக்கும்தான் முடியுது சார். பாடம் வரலேன்னா டீன் என் கழுத்தைத்தான் பிடிப்பாங்க."

அவர் தாடியைத் தடவினார். "சரி, ஒரு கண்டிஷன். வெட்டுறது, ஒட்டுறது, கேள்வி வெக்கிறது, எல்லாத்தையும் எனக்குக் கத்துக்குடு. அப்புறம் நான் இல்லாம எவன் இதை ஓட்டுறான்னு பாக்கலாம்."

பிரமிளா சிரித்துவிட்டாள். ஆனாலும் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தாள். இத்தனை காலம் துறைமுக நிர்வாகம் கற்பித்த மனிதர், வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போய்வந்த கையோடுகூட வந்து அடம்பிடித்துக் கற்றார்.

பாடத்தைப் பார்த்து டீன் நோர்மா அசந்துபோனார். யார் செய்தது என்று மலாயில் கேட்டார்.

"எல்லாம் சாரோட கைவேலைதான். நான் பக்கத்துல உக்காந்திருந்தேன், அவ்ளோதான்" என்றாள் பிரமிளா. ஹபீபுக்கு உச்சி குளிர்ந்தது.

மறுவாரம் டீன் பிரமிளாவை மட்டும் அழைத்தார். கண்ணாடிக் கதவு வழியே ஹபீப் எட்டிப் பார்த்தார். டீன் பேசிக்கொண்டே இருந்தார். பிரமிளா தலையை நிமிர்த்தவில்லை. ஹபீப் தன் அறைக்குத் திரும்பினார். 'என்கிட்ட நேரா சொல்ல முகமில்லாம, இந்தப் பிள்ளைகிட்ட சொல்லி அனுப்புறாங்க.'

ஓர் அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்து, புத்தகங்களை அதில் அடுக்கத் தொடங்கினார்.

சிவந்த கண்களோடு வந்து நின்றாள் பிரமிளா.

"அழுவாதம்மா. ஒன் மேல தப்பில்ல. என்னைப் போவச் சொல்லிட்டாங்க, அதானே?"

அவள் பெட்டியிலிருந்த புத்தகங்களை மறுபடி மேசைமேல் எடுத்து வைத்தாள்.

"உங்களுக்கு இன்னும் ரெண்டு வருஷம் நீட்டிட்டாங்க சார். மத்த லெக்சரருங்க பாடத்தையும் இனி நீங்களே வெட்டி ஒட்டிக் குடுத்துருவீங்களாம்."

"அப்புறம் ஏம்மா அழுவுற?"

"அந்தப் பெட்டியை எனக்குக் குடுங்க."