பின்னறைத் தரை

சொக்சோ துறைமுகத்தில் பனி விழுவதற்கு முன் மல்சுன் வீட்டைச் சூடாக்கும் பழைய பாய்லரைக் கழற்றிவிட்டுப் புதிது போட்டாள். தரைக்கு அடியில் ஓடும் வெந்நீர்க் குழாய்களில் பின்னறைக்குப் போவதை மட்டும் அடைக்கச் சொன்னாள். மீன்பிடிக்கப் போன கணவன் திரும்பாத இந்த ஏழு வருடமாக அங்கே படுப்பவர் யாருமில்லை.

வேலை முடிந்ததும் பாய்லர்காரர் டோக்சு, சூட்டைப் படமாகக் காட்டும் கருவியைத் தரைமேல் பிடித்தார். பின்னறை முழுக்க நீலம். நடுவில் மட்டும், ஒருக்களித்துப் படுத்த ஆள் அளவுக்குச் சிவப்பு.

"குழாய் ஒழுகுது போல அக்கா. நாளைக்குத் தரையை உடைச்சுப் பாத்துடலாம்."

"அடைச்ச குழாயில தண்ணி ஏது?"

"அதான் எனக்கும் புரியல."

மல்சுன் குனிந்து அங்கே உள்ளங்கையை வைத்தாள். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"உடைக்க வேணாம் தம்பி. இந்த மனுஷன் எப்பவும் நட்டநடுவுலதான் படுப்பார். நான் எங்க படுக்கறதாம்?"

டோக்சு கருவிகளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வேலைக்குப் போன கணவன் வரும்வரை ஆறாமல் வைப்பதுபோல், மல்சுன் மூடிய சோற்றுக் கிண்ணத்தை அந்தச் சூட்டில் வைத்துப் போர்வையால் மூடினாள்.

சாயங்காலம் போர்வையை விலக்கினாள். கிண்ணம் சில்லிட்டிருந்தது. பதறிப்போய்த் தரையெல்லாம் தடவினாள். சூடு சுவரோரமாக ஒதுங்கிப் படுத்திருந்தது, பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் விட்டு.