தகப்பன் பெயருக்கான கட்டம்

"அப்பா யாருன்னு தெரியாதுன்னே போட்டுக்கோங்க சிஸ்டர்" என்றாள் தன்ஷிகா. புருஷன் கவின்ராஜ் முறித்துவிட்ட மணிக்கட்டோடு ஈரோட்டிலிருந்து ஓடிவந்தவள், ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்த்தபடி நான்கு மாதமாக ஒளிந்திருந்தாள்.

"நீ சொல்லவே வேணாம்மா. வயித்துல இருக்கறதே சொல்லிடும்" என்று நர்ஸ் செல்வமணி அவள் ரத்தத்தை எடுத்து இயந்திரத்தில் வைத்தாள்.

திரையில் கவின்ராஜின் முகம் வந்தது. கீழே, 'தகப்பனுக்கு ஆஸ்பத்திரி முகவரியுடன் தகவல் அனுப்பப்பட்டது' என்றிருந்தது. தன்ஷிகா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"கொடுத்து வச்சவ நீ. பாதி ஆம்பளைங்க மெசேஜைத் திறந்துகூடப் பாக்கறதில்ல. உன் வீட்டுக்காரர் அதுக்குள்ள கிளம்பிட்டாரு பாரு."

வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி நகர்ந்தது. அது ஈரோட்டில் இல்லை. ஆம்பூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆஸ்பத்திரித் தெருவுக்குள் திரும்பிக்கொண்டிருந்தது.