தேயாத முழங்கால்

தில்லையடி வரலாற்றில் பொறிக்கவேண்டிய செய்தி: செய்னுலாப்தீன் ஹாஜியாரின் செயற்கை முழங்காலுக்கு இன்றோடு பத்து வயது. அதைப் பரிசோதிக்க டொக்டரிடம் வந்திருந்தார். அவர் மாற்றிய அதே மாதம் முழங்கால் மாற்றிய மனைவி அலீமாவும் கூட வந்திருந்தாள்.

டொக்டர் இருவரின் எக்ஸ்ரேக்களையும் பார்த்துவிட்டு அலீமாவைக் காட்டினார். "உம்மாட முழங்கால்ல இருக்கிற பிளாஸ்டிக் தேஞ்சிட்டு, மாத்தோணும். ஹாஜியார்ட புதுசு மாதிரியே இருக்கு."

ஹாஜியார் கதிரையில் நிமிர்ந்தார். "ஜேர்மன் சாமான், டொக்டர்! இவளுக்கு மட்டமானத வெச்சிட்டாங்க."

"ரெண்டும் ஒரே கம்பனிதான்."

"அப்ப ஏன் எனக்குத் தேயல்ல?"

அலீமாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "தேத்தண்ணி, பேப்பர், செருப்பு எல்லாம் இருந்த இடத்துக்கு நான்தானே கொண்டு வந்து தாற!"

"நடந்தாத்தான் தேயும், ஹாஜியார்," என்றார் டொக்டர். "ஒப்பரேசனுக்குப் பிறகு ரெண்டு மாசம் உம்மாவுக்கு ஓய்வு."

அன்று பின்னேரம் ஹாஜியார், தேத்தண்ணி ஊற்ற வேண்டுமென்றால் குசினி எந்தப் பக்கம் என்று அலீமாவிடம் கேட்டார்.